கீழாநெல்லியும் பிராணவாயுவும்

ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் என்னும் பொருளை இன்று நாம் மருந்துக் கடை அலமாரியிலும், தேயிலைப் பொட்டலத்தின் மேலட்டையிலும், முகப்பூச்சு விளம்பரங்களிலும் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற பெயரோடு காண்கிறோம். ஆயினும் அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அங்கு வேலை பார்த்தவர்கள், இந்த விளம்பரங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னரே, அதே இனத்துப் பொருள்களை உடம்புக்குரிய ஔஷதமாக அன்றி, ரப்பருக்குரிய சரக்காகக் கையாண்டு வந்தனர். ரப்பர் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. காற்றிலுள்ள பிராணவாயு அந்தச் சங்கிலியின் பலவீனமான கணுக்களைத் தேடித் தாக்குவதால், எவ்விதப் பாதுகாப்புமின்றி வெயிலில் கிடக்கும் ரப்பர் சில மாதங்களில் இறுகி, வெடித்து, உதிரத் தொடங்குகிறது. இதனைத் தடுக்கும் பொருட்டு, பீனால்கள், அரோமாட்டிக் அமீன்கள் ஆகிய இரு குலத்தைச் சேர்ந்த இரசாயனங்களைச் சிறிதளவு ரப்பரோடு கலந்து பிசைவது டயர்த் தொழிலின் பழைய வழக்கம்.

இந்த வழக்கத்துக்கு வித்திட்டவர்கள் ஷார்ல் மூரோ, ஷார்ல் டுஃப்ரேஸ் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர்கள். முதல் உலகப் போரின்போது அக்ரோலீன் என்னும் திரவம் காற்றுப்பட்டதும் கெட்டுப்போகும் காரணத்தை ஆராய்ந்த அவர்கள், ஹைட்ரோகுவினோன் போன்ற பீனால் ஒன்றை மிகச் சிறிதளவு சேர்த்த மாத்திரத்தில் அக்கேடு நின்றுவிடுவதைக் கண்டனர். அளவிற் சிறியதொரு பொருள் அளவிற் பெரியதொரு நாசத்தைத் தடுத்து நிறுத்தக்கூடும் என்னும் இந்த உண்மை, ரப்பர், பெட்ரோல், சமையல் எண்ணெய் என ஒவ்வொரு துறையாகப் பரவிப் பல பத்தாண்டுகள் கழித்தே மனித சரீரத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்குள் புகுந்தது.

ஐப்பசி, கார்த்திகை மாதத்து மழை ஓய்ந்தபின் அதே அம்பத்தூரின் காலி மனைகளையும், கொரட்டூர் ஏரியின் கரையையும், திருமுல்லைவாயில் செல்லும் வழியிலுள்ள மதிற்சுவர்களின் அடிவாரத்தையும் கூர்ந்து நோக்குவோர்க்கு, அங்கு கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் மூக்கிரட்டையும் குப்பைமேனியும் ஒருவரும் விதைக்காமலே தழைத்திருக்கக் காணலாம். சித்த வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வரும் இந்தச் செடிகள் அனைத்திலும் பீனால் இனத்துப் பொருள்கள் உள்ளன. தொழிற்சாலைக்குள் ரப்பரைக் காத்த இரசாயன நியதியும், அதன் மதிலுக்கு வெளியே முளைத்த பச்சிலையின் நியதியும் ஒன்றே என்பது விந்தையான உண்மை. ஆனால் அந்த ஒற்றுமை எதுவரை செல்லும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதை அறியாமையாலேயே நம் நாட்டில் மூலிகைகளைப் பற்றி மிகையான புகழ்ச்சியும் மிகையான இகழ்ச்சியும் ஒருங்கே நிலவுகின்றன. அந்த எல்லையை வரையறுப்பதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

பற்றும் தீயும் தணிக்கும் பொருளும்

அணுக்களைச் சூழ்ந்துள்ள எலக்ட்ரான்கள் இணை இணையாக இருப்பதையே பெரும்பாலும் விரும்புகின்றன. ஏதோ ஒரு காரணத்தால் இணையிழந்த எலக்ட்ரான் ஒன்றைத் தாங்கி நிற்கும் மூலக்கூறுக்குத் தனியுறுப்பு என்று பெயர். அது தன் குறையை நிரப்பிக்கொள்ள அருகிலுள்ள மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்க, பறிகொடுத்தது தானும் ஒரு தனியுறுப்பாகி அடுத்ததைத் தாக்க, ஓலைக் குடிசைகளின் வரிசையில் ஒரு மூலையில் பற்றிய தீப்போல அது தொடர்ந்து செல்கிறது. பீனால் மூலக்கூறோ தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அணுவை எலக்ட்ரானோடு சேர்த்துத் தானமாகக் கொடுத்த பின்னும், மிஞ்சிய எலக்ட்ரானைத் தன் வளையம் முழுவதும் பரப்பி அமைதியடைந்துவிடும் இயல்புடையதாதலால், தொடர் அவ்விடத்தில் அறுந்துபோகிறது.

இத்தகைய தனியுறுப்பு ஒன்று நிலைத்திருக்க முடியும் என்பதை மோசஸ் கோம்பர்க் 1900 இல் நிறுவியபோது, அதற்கும் உயிரினங்களுக்கும் தொடர்பிருக்கும் என எவரும் கருதவில்லை. அதிகப் பிராணவாயுவால் விளையும் நஞ்சும் எக்ஸ் கதிரால் விளையும் நஞ்சும் தனியுறுப்புகள் என்னும் ஒரே வழியில் செயற்படுகின்றன என்று ரெபெக்கா கெர்ஷ்மன் 1954 இல் எடுத்துரைத்தார்; மூப்புக்கும் அவையே காரணம் என்று டென்ஹம் ஹார்மன் 1956 இல் கருதினார்; மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969 இல், சூப்பராக்ஸைடு என்னும் தனியுறுப்பை அழிப்பதற்கென்றே நம் உயிரணுக்களில் ஒரு நொதி அமைந்திருப்பதைக் கண்டறிந்த பின்னர், தனியுறுப்புகள் நம் உடம்பில் உண்டாகின்றன என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவைக் கொண்டு சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சில எலக்ட்ரான்கள் வழிதவறிக் கசிவதால் இந்தத் தனியுறுப்புகள் நம்முள் இடையறாது பிறக்கின்றன. அவற்றைத் தணிக்கும் நொதிகளும், குளுட்டதையோன் என்னும் பொருளும் நம்முள்ளேயே இடையறாது பணிபுரிகின்றன.

செடிகளுக்கு இந்தத் தேவை நம்மினும் அதிகம். சித்திரை மாதத்துக் கத்திரி வெயிலில் நாம் நிழலுக்கு ஒதுங்குகிறோம். வேரூன்றிய செடிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இலையின் பசுங்கணிகம் தன்னால் பயன்படுத்த இயலாத அளவுக்கு ஒளியை உள்வாங்க நேரும்போது, அந்த உபரிச் சக்தி பிராணவாயுவின்மேற் பாய்ந்து அதனை மூர்க்கமான வடிவங்களுக்கு மாற்றிவிடுகிறது. அதனின்று தன்னைக் காத்துக்கொள்ளவே இலை கரோட்டினாய்டுகளையும், அஸ்கார்பிக் அமிலத்தையும், ஃபிளேவனாய்டு முதலிய பீனால்களையும் தயாரித்து வைத்துக்கொள்கிறது. பூச்சிகளையும் பூஞ்சைகளையும் விரட்டும் பணியும் அவற்றுட் சிலவற்றுக்கு உண்டு. மூலிகை தன்னிடமுள்ள இரசாயனத்தை மனிதனுக்காகச் செய்யவில்லை, தன் பிழைப்புக்காகவே செய்துகொண்டது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், அது நமக்குப் பயன்படுமா என்பது தனியே ஆராய வேண்டிய கேள்வி என்பதும் விளங்கும்.

சோதனைக் குழாயில் ஒரு பச்சிலை

நம் கல்லூரிகளில் மூலிகை ஆராய்ச்சி என்ற பெயரில் ஆண்டுதோறும் மிகப் பெரிய அளவில் நடைபெறும் பரிசோதனை ஒன்றைச் சற்று அருகிலிருந்து காண்போம். டி.பி.பி.எச். என்று சுருக்கமாக வழங்கும் ஒரு தூளை மெத்தனாலில் கரைத்தால் கத்தரிப்பூ நிறத்தில் அடர்ந்த திரவம் கிடைக்கிறது. அந்நிறத்துக்குக் காரணம், அம்மூலக்கூறு இணையற்ற எலக்ட்ரானோடு நிலைத்திருக்க வல்ல ஓர் அபூர்வமான தனியுறுப்பாக இருத்தலே. நிழலில் உலர்த்திப் பொடித்த கீழாநெல்லியின் சாற்றைச் சில துளி அதில் விட்டு, இருட்டில் அரை மணி நேரம் வைத்தெடுத்தால், கத்தரிப்பூ நிறம் படிப்படியாகக் குன்றி வெளிர்மஞ்சளாகிறது. 517 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி அதற்குள் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் கருவியால் அளந்து, நிறத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். 1958 இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் அறிமுகப்படுத்திய இம்முறை, செலவு குறைந்ததும், ஒரே பிற்பகலில் முடிவதும், கண்ணுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிவதுமாக இருப்பதால் உலகெங்கும் பிரசித்தியடைந்துவிட்டது.

இச்சோதனை பொய் சொல்வதில்லை. அதனிடம் கேட்கப்படும் கேள்விதான் மிகச் சிறியது. இந்தச் சாற்றில் எலக்ட்ரானைத் தானம் செய்யவல்ல பொருள்கள் உள்ளனவா என்பதே அந்தக் கேள்வி. வேப்பிலையும் தேயிலையும் மாதுளந்தோலும் கடுக்காயும் அதற்கு ஆம் என்றே விடை கூறும். உண்ணத் தகாத நச்சிலைகள் பலவும் அவ்வாறே கூறும். விடையளித்த பொருள் குடலில் செரித்தபின் எஞ்சுகிறதா, குருதியில் கலக்கிறதா, கல்லீரலைச் சென்றடைகிறதா என்பனவற்றுள் ஒன்றையும் அக்குழாய் அறியாது.

அளவிடும் முறை எவ்வாறு நம்மை வழிநடத்துகிறது என்பதற்கு நெல்லிக்கனி சிறந்த எடுத்துக்காட்டு. குன்னூரில் அந்நாளில் இயங்கிய உணவாராய்ச்சிக் கூடத்தின் காலத்திலேயே அது வைட்டமின் சி மிகுந்த கனி என்ற கீர்த்தி பெற்றது. 100 கிராம் கனியில் 600 மில்லிகிராம் என்று நம் பழைய உணவு அட்டவணைகள் குறித்தன. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017 இல் வெளியிட்ட அட்டவணையில் அவ்வளவு ஏறத்தாழ 250 மில்லிகிராமாக இறங்கிவிட்டது. கனி மாறிவிடவில்லை, சாயத்தின் நிறமாற்றத்தைக் கொண்டு அளந்த பழைய முறை, வைட்டமின் சி போலவே எலக்ட்ரானைக் கொடுக்கும் டானின் முதலிய பிற பொருள்களையும் சேர்த்துக் கணக்கிடும் இயல்புடையது, புதிய கருவியோ ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து அளக்கிறது. குறைந்த கணக்கின்படியும் நெல்லிக்கனி நம் கனிகளுள் உயர்ந்த ஸ்தானத்திலேயே இருக்கிறது என்பதால் இத்திருத்தத்தால் அதன் பெருமைக்குக் குறைவில்லை.

தரமணியில் நடந்த பரிசோதனை

கீழாநெல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அதனை மறப்பதில்லை. ஒரு சாண் உயரமே வளரும் அச்செடியின் மெல்லிய கிளையைத் திருப்பிப் பிடித்தால், இலைகளின் அடிப்புறத்தில் கடுகினும் சற்றே பெரிய பச்சை மணிகள் ஒழுங்காக வரிசையிட்டுத் தொங்குவதைக் காணலாம். வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் அரைத்து, மோரிற் கலந்து மஞ்சள் காமாலைக்காரருக்கு வெறும் வயிற்றில் கொடுப்பது தமிழ்நாடு முழுவதும் நிலவிய வழக்கம்.

இவ்வழக்கத்தை விஞ்ஞானம் முதலில் அணுகிய வழி, கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் விஷத்தின் வழியாகும். அவ்விஷம் தானாகக் கல்லீரலைக் கெடுப்பதில்லை. விஷங்களை மாற்றியமைப்பதற்கென்று கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதி அதனைத் தொட்டவுடன் அது பிளந்து கொடிய தனியுறுப்பாக மாறி, உயிரணுவின் கொழுப்புச் சவ்வைத் தொடர்ந்து அரிக்கிறது. ஆகையால், தனியுறுப்பைத் தடுக்கும் மூலிகை இதற்கு எதிராகப் பயன் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. கீழாநெல்லியிலிருந்து பிரித்தெடுத்த ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்னும் இரு பொருள்கள், வளர்ப்புக் கிண்ணத்திலிருந்த எலியின் கல்லீரல் அணுக்களை அவ்விஷத்தினின்று காத்தன என்று 1985 இல் வெளியான ஆராய்ச்சி அறிவித்தது.

ஆயினும் மனிதருக்கு வரும் காமாலைக்குப் பெரும்பாலும் காரணம் இந்த விஷம் அன்று, வைரஸ். அதனால் உண்மையான பரீட்சை, தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஏ.எல். முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில்தான் நிகழ்ந்தது. அங்கு பணியாற்றிய எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய சகாக்களும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976 இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க்குடன் இணைந்து, அவ்வைரஸை உடம்பில் தாங்கியிருந்தோருக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடியைக் கொடுத்து, வேறு சிலருக்கு மருந்தற்ற பொடியைக் கொடுத்து, இருசாராரையும் ஒப்பிட்டனர். மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருடைய குருதியிலிருந்து வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. மருந்தற்ற பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறாயிற்று. 1988 இல் லான்செட் பத்திரிகையில் இந்த முடிவு வெளிவந்தபோது, உலகத்தின் கவனம் நம் வீட்டுக் கொல்லைச் செடியின்மேல் திரும்பியது.

அதன்பின் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பிற இடங்களிலும் நடத்திய பரிசோதனைகளில் அந்தப் பலன் மீண்டும் கிட்டவில்லை. கிடைத்த சான்றுகளையெல்லாம் 2011 இல் ஒருங்கே சீர்தூக்கிய காக்ரேன் மதிப்பாய்வு, நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்கு இச்செடி பயனளிக்கிறது என்று நம்புவதற்குப் போதிய நிரூபணம் இல்லை என்று தீர்ப்பளித்தது. இந்த வரலாற்றைத் தோல்வி என்று ஒதுக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. மருந்தற்ற பொடியோடு ஒப்பிட்டும், எண்ணிக்கையை வெளிப்படையாக அச்சிட்டும், உலகத்தார் சரிபார்க்கும்படி வழிதிறந்து வைத்த தரமணிப் பரிசோதனை, ஆயிரம் சோதனைக் குழாய்களின் நிறமாற்றத்தைக் காட்டிலும் நம் வைத்திய மரபுக்குச் செய்த மரியாதை பெரிது. தவறென்று காட்டப்படக்கூடிய விதத்தில் ஒரு கேள்வியைக் கேட்பதே விஞ்ஞானம்.

குடலைத் தாண்டிய பின்

சோதனைக் குழாயில் வல்லமையோடு விளங்கும் பொருள் சரீரத்துக்குள் ஏன் வலுவிழக்கிறது? மூலிகைப் பீனால்களுள் பெரும்பாலானவை குடலில் சொற்பமாகவே உறிஞ்சப்படுகின்றன; உறிஞ்சப்பட்டவையும் கல்லீரலில் உடனுக்குடன் உருமாற்றப்பட்டு வெளியேறுகின்றன. மஞ்சளிலுள்ள குர்குமின் இதற்குப் பெயர்பெற்ற சான்று: இரண்டு கிராம் குர்குமினை விழுங்கியவர்களின் குருதியில் அதனை அளப்பதே அரிதாயிருக்க, அதனோடு மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது அளவு பன்மடங்கு பெருகியதாகப் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியினர் 1998 இல் அறிவித்தனர். அவ்வாறு பெருகிய அளவும், நம் உயிரணுக்கள் இயல்பாகவே வைத்திருக்கும் குளுட்டதையோனின் அளவுக்கு முன் மிகச் சொற்பமே. ஆகவே உண்ட மூலிகை நேரே சென்று தனியுறுப்புகளைத் தணிக்கிறது என்னும் பிரசித்தமான விளக்கம், கணக்குக்குப் பொருந்தாத விளக்கம்.

தனியுறுப்புகளை முற்றிலும் ஒழிப்பதும் நன்மையன்று. நம் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்வது தனியுறுப்புகளை ஆயுதமாக ஏந்தியே. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், காரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகச் சுமார் 18 சதவீதம் மிகுந்ததென 1994 இல் தெரியவந்தது. காய்கறிகளை நிரம்ப உண்போர் ஆரோக்கியமாயிருப்பது உண்மை. காய்கறியிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்து மாத்திரையாக்கினால் அதே நன்மை கிட்டும் என்பது அதனினின்று பெறப்படவில்லை.

அப்படியானால் பச்சிலைகளுக்கும் இந்தத் தற்காப்புக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, வேறொரு வழியில். நம் உயிரணுக்களில் என்.ஆர்.எஃப்-2 என்னும் ஒரு புரதம் கட்டுண்டு கிடக்கிறது. இலேசான இரசாயன உறுத்தல் நேர்ந்தவுடன் அது கட்டவிழ்ந்து உட்கருவுக்குச் சென்று, நச்சு நீக்கும் நொதிகளையும் குளுட்டதையோனையும் மிகுதியாகத் தயாரிக்கும்படி மரபணுக்களைத் தூண்டுகிறது. மூலிகைகளின் கசப்பும் காரமும் துவர்ப்புமான பல பொருள்கள் இந்தப் புரதத்தைத் தூண்டவல்லவை என்று பல ஆய்வுக்கூடங்கள் கண்டுள்ளன. இதன்படி பார்த்தால் மூலிகை தானே போர் புரிவதில்லை. நம் சொந்தப் படையை எழுப்புகிறது. விலங்குகளிலும் அணு வளர்ப்புகளிலும் வலுவாகக் காணப்படும் இந்தச் செய்தியை மனிதரிடத்தில், மூலிகைக்கு மூலிகை, நோய்க்கு நோய் நிலைநாட்டுவதே இனி வரும் ஆராய்ச்சியின் கடமை.

அம்பத்தூர்வாசிகளுக்கு ஒரு விண்ணப்பம்

காயகற்பம் பாடிய சித்தர்கள் தனியுறுப்புகளை அறிந்திருந்தார்கள் என்று மேடைகளில் முழங்குவோர் அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதாகக் கருதுகிறார்கள். சித்த மருத்துவத்தின் உண்மையான செல்வம் வேறு. எந்தச் செடியை, எந்தப் பருவத்தில், எந்த அனுபானத்தோடு, எத்தகைய நோயாளிக்குக் கொடுப்பது என்பதைப் பற்றிய நெடுங்கால அனுபவமே அது. அந்த அனுபவம் ஆராய்ச்சிக்குத் தக்க கேள்விகளைத் தருகிறது. விடையை நோயாளிகளிடம் நடத்தும் நேர்மையான பரிசோதனைதான் தரவேண்டும். அரும்பாக்கத்திலும் தாம்பரம் சானடோரியத்திலும் அரசாங்கம் நடத்தும் சித்த மருத்துவமனைகள் அம்பத்தூருக்கு எட்டாத தூரத்தில் இல்லை. நம் வட்டாரக் கல்லூரி மாணவர்கள் கத்தரிப்பூ நிறத்தை வெளுக்கச் செய்வதோடு நின்றுவிடாமல், அங்கு சிகிச்சை பெறுவோரிடம் என்ன பலன் காணப்படுகிறது என்பதைத் தக்க வைத்தியர்களின் துணையோடு பதிவு செய்ய முன்வர வேண்டும்.

செடியின் அடையாளத்திலும் கவனம் தேவை. தென்னாட்டு மூலிகைக் கடைகளில் கீழாநெல்லி என்ற பெயரில் விற்ற சரக்கைப் பரிசோதித்து 2010 இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் அதன் உறவுச் செடிகளே மிகுந்திருந்ததைக் காட்டியது. இலையின் அடியில் மணிகள் தொங்குவதால் மட்டும் ஒரு செடி கீழாநெல்லி ஆகிவிடாது. முளைத்த இடமும் முக்கியம். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்கு. மண்ணிலும் நீரிலும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருப்பின், செடி அவற்றை வேரால் உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும்; அரைத்துக் குடிப்பவருக்கு மருந்தும் நஞ்சும் ஒரே கிண்ணத்தில் வந்து சேரும். தொழிற்பேட்டை ஓரத்திலும் ஏரிக்கரையிலும் பறிப்பதைத் தவிர்த்து, நல்ல மண்ணிட்ட தொட்டியில் வீட்டிலேயே வளர்ப்பதுதான் விவேகம்.

இறுதியாக, காமாலை என்பது ஒரே நோயன்று. அசுத்தமான நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அவ்வேளையில் அருந்திய எந்தப் பச்சிலைக்கும் அந்தக் கீர்த்தி போய்ச் சேரும். பித்தநாளத்தில் கல் அடைத்ததாலும், நாட்பட்ட வைரஸாலும், மதுவாலும் வரும் காமாலையோ காத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாய் முடியும். ஆகையால் வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், கீழாநெல்லியைத் தேடிச் செல்வதற்கு முன் குருதிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காரணம் தெரிந்தபின், முறையாகப் பயின்ற சித்த மருத்துவரிடம் சென்றாலும் ஆங்கில மருத்துவரிடம் சென்றாலும், உட்கொள்ளும் மருந்து ஒவ்வொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.